மங்களவாரம் மேடம்

நான் முதன்முதலில் அவரைப் பார்த்தபோது, அவர் என் மகளின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு உருட்டிக்கொண்டு போவதும், தூணில் இடித்துக்கொள்வதும், திரும்புவதுமாக ஒரே அமளி. பிள்ளைகள் சுவரோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிக்குச் சொந்தக்காரியான என் ஏழு வயது வினோதினி தரையில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அந்த நாற்காலி, அரசாங்க முகாமில் வெயிலில் அரை நாள் வரிசையில் நின்று வாங்கியது. இது ஒன்றும் விளையாட்டுச் சாமான் இல்லை, முதலில் இறங்குங்கள் என்று தமிழிலேயே கத்திவிட்டேன். கோபத்தில் எனக்கு அரைகுறைத் தெலுங்கும் மறந்துபோகும். அவருக்குப் புரிந்திருக்காது என்ற தைரியத்தில் இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகவே சொன்னேன்.

அவர் இறங்கவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"கைக்குமா, ஏன் இப்படிக் கத்துறீங்க? இங்க பாருங்க. எனக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு இது. அப்ப பிள்ளைக்கு எப்படிமா சரியா இருக்கும்?"

அவருக்குத் தமிழ் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முகாமில் எல்லோருக்கும் ஒரே அளவு நாற்காலிதான் கொடுத்தார்கள். வினோ அதில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் வழுக்கிக் கீழே வந்துவிடுவாள். அவளுக்கு உட்காரத் தெரியவில்லை என்றுதான் நாங்கள் நினைத்து, துண்டால் கட்டி வைத்திருந்தோம். அடுத்த வாரம் அவர் ஒரு பலகையும் பழைய மெத்தைத் துண்டும் கொண்டுவந்து முதுகுக்கும் பக்கவாட்டுக்கும் அடைத்தார். வினோ கட்டில்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு மாதம் கட்டிப்போட்டதை நினைத்து அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அவர் ஊனமுற்ற பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியை. எங்கள் பக்கத்து அரசுப் பள்ளிகளையெல்லாம் சுற்றி வருவார். எங்கள் பள்ளிக்குச் செவ்வாய்க்கிழமை. அதனால் பிள்ளைகள் தெலுங்கில் அவருக்கு வைத்த பெயர் மங்களவாரம் மேடம். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். சொந்தப் பெயரைக் கேட்க வேண்டும் என்று தோன்றியபோது, இத்தனை நாள் கழித்து எப்படிக் கேட்பது என்று கூச்சமாகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் அவர் போடும் கையெழுத்தோ கோழி கிளறியது போல இருக்கும்.

அவருடைய அப்பா செகந்திராபாத்தில் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த அவருடைய தமிழில் உருதும் தெலுங்கும் அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். கோவில்பட்டிக்காரியான எனக்கு ஆரம்பத்தில் பாதிதான் பிடிபட்டது. ஏன் என்பதற்குக் கைக்கு, ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ. என் மகளுக்கு அந்தத் தமிழ் மிகவும் பிடித்திருந்தது. தோசை வேண்டுமா என்று கேட்டால், "நக்கோமா" என்று அவர் குரலிலேயே சொல்வாள்.

நாங்கள் இந்தப் பள்ளிக்கு விரும்பி வந்தவர்கள் அல்ல. என் வீட்டுக்காரருக்கு மாதாப்பூரில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இரவுதான் வீடு. ஏ.எஸ்.ராவ் நகரில் வாடகைக்கு இருந்தோம். சுற்றிலும் பளபளவென்று ஆங்கிலப் பள்ளிகள். வினோவுக்குப் பிறக்கும்போது மூச்சு திணறியதில் கைகாலெல்லாம் விறைப்பு. பேச்சு கொஞ்சம் குழறும். புத்தி மட்டும் கத்தி. ஒரு பள்ளியில் வசதி இல்லை என்றார்கள். இன்னொன்றில் மற்ற பெற்றோர் ஆட்சேபிப்பார்கள் என்றார்கள். மூன்றாவது பள்ளியில் வாசலிலேயே காவலாளி பதில் சொல்லிவிட்டார். கடைசியில் இந்த அரசுப் பள்ளியின் ஹெட்மாஸ்டர்தான் எதுவும் கேட்காமல் பெயரை எழுதிக்கொண்டார். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. பின்னால் அவரோடும் ஒரு சிக்கல் வந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

மங்களவாரம் மேடத்திடம் ஒரு துணிப்பை எப்போதும் இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. குளிர்காலத்துக் கம்பளிக் கையுறை இரண்டு ஜோடி, பஞ்சு உருண்டை, தேங்காய் எண்ணெய் தடவிய ஒரு மூக்குக்கண்ணாடி, நாடா, கத்திரிக்கோல். எந்தப் பிள்ளையிடமும் எதையும் செய்யச் சொல்வதற்கு முன்னால், அதே குறையைத் தனக்கு வரவழைத்துக்கொண்டு அதைத் தானே செய்து பார்ப்பார். அதுதான் அவருடைய முறை. முறை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு பிடிவாதம்.

வினோவால் பலப்பத்தைப் பிடிக்க முடியவில்லை என்றதும், அவர் இரண்டு ஜோடிக் கையுறைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு சிலேட்டை எடுத்தார். பலப்பம் விழுந்தது. எடுத்தார். விழுந்தது. வினோ, அதுவரை தன் பலப்பம் விழுந்தால் அழுகிறவள், அவருடையது பதினைந்தாவது முறை விழுந்தபோது சிரித்துச் சிரித்து இருமிவிட்டாள். கடைசியில் பழைய சைக்கிள் ட்யூபை நாடாபோல வெட்டிப் பலப்பத்தில் தடிமனாகச் சுற்றினார். அவருக்கு நின்றது. அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கொடுத்தார்.

இந்தப் பிடிவாதத்தால் அவர் பட்ட அவதி கொஞ்சமில்லை. கண் சரியாகத் தெரியாத ஒரு சிறுமிக்காக அந்த எண்ணெய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து, எங்களிடம் வருவதற்குப் பதில் உப்பலில் போய் இறங்கினார். இன்னொரு பள்ளியில் காது கேட்காத பிள்ளை ஒன்று. அதற்காகக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மேலதிகாரி கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் தலையாட்டியபோதெல்லாம் இவரும் ஆட்டியிருக்கிறார். கூட்டம் முடிந்து பார்த்தால், கூடுதலாக ஆறு பள்ளிகளை இவர் தலையில் கட்டியிருந்தார்கள். சந்தோஷமாகச் சம்மதித்தார் என்று குறிப்பிலும் எழுதிவிட்டார்கள். அதைச் சொல்லிவிட்டு அவர் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. புரியாதபோது தலையாட்டுவதுதான் சுலபம் என்று அன்றைக்குத்தான் தனக்குத் தெரிந்தது என்றார். அந்தப் பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதால் எல்லாம் புரிகிறது என்று அதன் டீச்சர் மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருந்தாராம்.

அந்த ஆறு பள்ளிகள் வந்து சேர்ந்த பிறகு, காலையில் எங்களிடம் வந்தால் பத்தரைக்கெல்லாம் அடுத்த பள்ளிக்கு ஓடிவிடுவார்.

என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் வேலையே, மற்றவர்கள் எழுதிய சாப்ட்வேரை வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்து தட்டிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பதுதான். நான் மேடத்தின் கதைகளைச் சொல்லச் சொல்ல அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். இந்த அம்மா எங்கள் டீமில் இருக்க வேண்டிய ஆள் என்பார். பக்கத்து வீட்டில் வேறு மாதிரி சொன்னார்கள். கொஞ்சம் கழன்ற கேஸ் என்று. எனக்கும் சில நாள் அந்தச் சந்தேகம் வராமல் இல்லை.

பிப்ரவரி மாதம் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வினோ காலையில் நன்றாகத்தான் இருக்கிறாள், பதினொரு மணியானால் மேசையில் தலையைச் சாய்த்துவிடுகிறாள், கேள்வி கேட்டால் பதில் இல்லை, வகுப்பு டீச்சர் மாதக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறார் என்றார். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் பட்டியல் ஒன்று இருக்கிறதாம். வாரத்துக்கு ஒரு நாள் ஓர் ஆள் வீட்டுக்கு வருவார். ஜூன் முதல் வினோவை அதில் சேர்த்துவிடலாம், பிள்ளைக்கும் சிரமமில்லை என்று தன்மையாகத்தான் சொன்னார். மங்களவாரம் மேடம் கையெழுத்துப் போட்டால் பட்டியல் போய்விடும்.

தன்மையாகச் சொன்னதால் எனக்குச் சண்டை போடக்கூட வழியில்லை. வாரத்துக்கு ஒரு நாள் ஆள் வரும். மீதி ஆறு நாள் அவள் மூன்றாவது மாடி ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள். கூடச் சிரிக்க யாரும் இருக்க மாட்டார்கள். அப்புறம் எந்தப் பள்ளி அவளைத் திரும்பச் சேர்க்கும்?

மேடம் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் தவணை கேட்டார். என்னிடம் வந்து நோட்டைத் திறந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வினோவாக இருக்கப் போகிறாராம். எழுந்ததிலிருந்து அவள் என்னென்ன செய்கிறாள் என்று ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஆறு மணிக்கு எழுவது, காலை நீட்டி மடக்கும் பயிற்சி, குளியல், இரண்டு இட்லி, ஆட்டோ, ஒன்பது மணிக்கு வகுப்பு, ஒரு மணிக்கு நான் கூட்டிப்போவது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, என்ன குடிப்பாள் என்று கேட்டார்.

"பால், தண்ணி எல்லாம் குடிப்பா மேடம்" என்றேன்.

அடுத்த செவ்வாய் மற்றப் பள்ளிகளுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். கணுக்கால்களை நாடாவால் சேர்த்துக் கட்டிக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, வினோவின் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எப்போதும்போல வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். எப்போது கூப்பிடுவார்களோ என்று தினமும் அங்கேதான் கிடப்பேன். பதினொரு மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தபோது வினோவின் தலை மேசையில் இருந்தது. மேடம் நிமிர்ந்து உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்கு வெளியே வந்தவர் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை.

"எனக்குக் கை வலிச்சுதுமா, கால் மரத்துப் போச்சு. ஆனா தூக்கம் வரல. கணக்கெல்லாம் போட்டேன். அவளுக்கு மட்டும் ஏன் முடியலன்னு தெரியலமா. சார் சொல்றதுதான் சரியோ என்னமோ."

எழுந்து ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். பட்டியல் மேசை மேல் இருந்தது. அவர் அதை ஒருமுறை படித்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"மேடம்," என்றேன். "நான் ஒண்ண மறைச்சிட்டேன். அவ தண்ணி குடிக்கிறதில்ல. நான்தான் குடுக்கிறதில்ல."

பள்ளிக் கழிப்பறையில் குந்தி உட்காரும் பீங்கான்தான். வினோவின் கால் மடங்காது. தூக்கிப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும், உள்ளே ஓர் ஆள் நிற்கத்தான் இடம். ஒருமுறை நானும் அவளுமாக வழுக்கி விழுந்திருக்கிறோம். ஜூலை மாதம் ஒருநாள் வகுப்பிலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். இரண்டு நாள் அவள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாளிலிருந்து நான் காலையில் பால் கொடுப்பதை நிறுத்தினேன், தண்ணீரையும் நிறுத்தினேன். நாக்கை நனைக்க ஒரு மடக்கு. மதியம் வீட்டுக்கு வந்ததும் இரண்டு தம்ளரை ஒரே மூச்சில் குடிப்பாள். ஒருநாளும் அவள் ஏன் என்று கேட்டதில்லை. அழுதுகொண்டே தெலுங்கும் தமிழுமாக இதையெல்லாம் சொன்னேன். ஹெட்மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேடம் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பேனாவை மூடிப் பையில் போட்டார். நோட்டை எடுத்து, பால், தண்ணீர் என்று எழுதியிருந்ததை அடித்தார். இன்னும் ஒரு செவ்வாய்க்கிழமை வேண்டும் என்று மட்டும் ஹெட்மாஸ்டரிடம் சொன்னார்.

அந்த இன்னொரு செவ்வாய்க்கிழமை வெயில் ஆரம்பித்துவிட்டது. வகுப்பறைக்கு மேலே சிமெண்டுத் தகடு. காலை எழுந்ததிலிருந்து ஒரே ஒரு மடக்குத் தண்ணீரோடு செகந்திராபாத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருந்தார். பதினொன்றேகாலுக்கு ஹெட்மாஸ்டரே வகுப்புக்குள் போனார். நானும் எட்டிப் பார்த்தேன். மேசையில் இரண்டு தலைகள் பக்கத்துப் பக்கத்தில் சாய்ந்திருந்தன. ஹெட்மாஸ்டர் மேடத்தைத்தான் கேட்டார், ஏழெட்டு எவ்வளவு என்று. அவர் தலையைத் தூக்கினார். உதட்டை நக்கிக்கொண்டார். யோசித்தார். நாற்பத்திரண்டு என்றார்.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஹெட்மாஸ்டரும் சிரிக்கவில்லை.

"சார், அந்த லிஸ்ட்டுல என் பேரையும் சேத்து எழுதிடுங்க" என்றார் மேடம். அவரிடம் தெலுங்கில் சொன்னதை, வாசலில் நின்ற எனக்காகத் தமிழிலும் ஒருமுறை சொன்னார். ஹெட்மாஸ்டர் தன் அறைக்குப் போய்ப் பட்டியலில் வினோவின் பெயரை அடித்துவிட்டார்.

அதோடு முடியவில்லை. கழிப்பறை அப்படியேதான் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக ஓட்டை போட்டு, பீங்கான் மேல் நிறுத்தினால் வினோ உட்காரலாம் என்று மேடம் யோசனை சொன்னார். நாற்காலி வந்ததும் வழக்கப்படி முதல் ஆளாக அவரே உள்ளே போனார். மேடம் கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. நாற்காலி நான்கு காலையும் பரப்பிவிட்டது. கதவு உள்பக்கம் திறக்கும் கதவு. உடைந்த நாற்காலி அதில் முட்டுக்கொடுத்து நின்றுவிட்டது. வெளியே ஹெட்மாஸ்டர், சத்துணவு சமைக்கும் அம்மா, நான் மூன்று பேரும் தள்ளுகிறோம். உள்ளேயிருந்து அவர் குரல் நிதானமாக வந்தது. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்ற வேண்டும் என்று இப்போதல்லவா தெரிந்தது, எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

தச்சர் வந்து கதவை மாற்றிப் போட்டார். என் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை கனமான நாற்காலி ஒன்றை வாங்கி, ஓட்டையை அவரே அறுத்து, விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கினார். மேடம் உட்கார்ந்து, ஆடி, சாய்ந்து, எல்லா விதத்திலும் பார்த்துவிட்டுப் பாஸ் என்றார். கம்பெனியில் யார் பாராட்டியும் என் வீட்டுக்காரர் அவ்வளவு பூரித்து நான் பார்த்ததில்லை.

வினோ அந்தப் பள்ளியிலேயே ஐந்தாவது வரை படித்தாள். பிறகு பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது தேறினாள். மேடம் எங்களோடு இருந்தது அந்த ஒரு வருடமும் அடுத்த வருடத்தில் பாதியும்தான். ஒப்பந்த வேலை, எங்கேயோ வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை வேறு யாரோ வந்தார்கள், நல்லவர்கள்தான், பை மட்டும் இல்லை.

எனக்கு அவரை நினைத்தால் நாற்காலியோ கழிப்பறையோ முதலில் ஞாபகம் வருவதில்லை. கழிப்பறை தயாரான பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமைதான் ஞாபகம் வரும். காலை எட்டு மணி, கோடைக்கால அரை நாள் பள்ளி தொடங்கியிருந்தது. மேடம் சமையல் அறையிலிருந்து ஒரு பெரிய எவர்சில்வர் தம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வினோவின் கையில் வைத்து, தன் கையால் தாங்கிக்கொண்டார். வினோ குடிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீள்ளு தாகனா?" என்றாள். தண்ணீர் குடிக்கட்டுமா என்று தெலுங்கில் கேட்கிறாள், என் வயிற்றில் பிறந்தவள் என்னிடம் அனுமதி கேட்கிறாள். தலையை ஆட்டினேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தாள். மறுபடி ஆட்டினேன். அப்படிப் பார்த்துப் பார்த்தே தம்ளரைக் காலி செய்தாள்.

மேடம் உள்ளே போய் அதே தம்ளரை நிரப்பிக்கொண்டு வந்தார். என்னிடம் நீட்டினார். எனக்குத் தாகமில்லை என்றேன்.

"பொய் நக்கோமா," என்றார். "அன்னிக்குத் தண்ணி இல்லாம இருந்துட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போயி கண்ணாடி பாத்தேன். உதடெல்லாம் வெடிச்சிருந்துது. இந்த உதட்ட எங்கயோ பாத்திருக்கமேன்னு ராத்திரி வரைக்கும் யோசிச்சேன். படியில உக்காந்திருக்கிற உங்க உதடுமா அது."

அவள் குடிக்காத எட்டு மாதமும் அவள் வீடு திரும்பும்வரை நானும் குடித்ததில்லை. என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. ஒருவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

தம்ளரை வாங்கினேன். வாங்கிய வேகத்தில் கொஞ்சம் புடவையில் சிந்தியது. வினோ நாற்காலியிலிருந்து குனிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் நான் நிறுத்தியதும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அந்தா தாகேய், அம்மா" என்றாள். முழுவதையும் குடிக்கச் சொன்னாள். குடித்தேன்.